சத்தத்தை நம்பாதீர்கள், தண்ணீரைப் பாருங்கள்: எட்டுச் சில்லு வண்டிக்குப் பில்ஜ் பம்ப் பூட்டும் முறை

மார்கழி மழைக்குள் ஒருநாள், வெள்ளம் சூழ்ந்த மாட்டுப்பட்டியில் இருந்து, தரையிலும் தண்ணீரிலும் ஓடும் என் எட்டுச் சில்லு வண்டியில் இரண்டு கன்றுகளை ஏற்றிக்கொண்டு திரும்பினேன். நடுத்தண்ணீரில் வண்டி பாரமாகத் தொடங்கியது. சுவிச்சைப் போட்டேன். தளப்பலகைக்குக் கீழே, உள்ளே சேரும் தண்ணீரை வெளியே தள்ளும் பில்ஜ் பம்ப் ஓடும் சத்தம் கேட்டது, மனம் ஆறிவிட்டது. நூறு மீற்றர் போவதற்குள் தண்ணீர் கணுக்காலைத் தொட்டது. எப்படியோ கரையேறி, கன்றுகளை இறக்கிவிட்டுத் தளத்தைக் கழற்றிப் பார்த்தால், பம்பின் வாயில் இருந்து குழாய் கழன்று கிடந்தது. பம்பில் ஒரு பழுதும் இல்லை. வண்டிக்குள் நின்ற தண்ணீரை உறிஞ்சி வண்டிக்குள்ளேயே துப்பிக்கொண்டிருந்தது.

அன்றைக்குப் பிறகு நான் பூட்டிய ஒவ்வொரு பம்பையும் ஒரே ஒரு கேள்வியை வைத்துத்தான் பூட்டினேன்: ஓட்டுகிறவர் இருந்த இடத்தில் இருந்தே, வெளியே விழும் தண்ணீரைக் கண்ணால் காண முடியுமா? கீழே வரும் வேலை முறை முழுவதும் அந்தக் கேள்வியைச் சுற்றியே போகும்.

முதலில் வண்டியைப் பற்றி. ஆறு சில்லு, எட்டுச் சில்லு நீர்நில வண்டிகளில் ஆர்கோ என்ற கனடா வண்டிதான் பலருக்கும் தெரிந்த பெயர். அடிப்பாகம் பெரிய தொட்டிபோல ஒரே வார்ப்பாக இருக்கும். நம் வீடுகளில் மேலே ஏற்றி வைத்திருக்கும் கறுப்புத் தண்ணீர்த் தாங்கிக்குப் பயன்படும் பொலித்தீன் இனம்தான் இதுவும். தண்ணீரில் இறங்கினால் தனியாகத் துடுப்போ விசிறியோ தேவையில்லை. ரயரின் பூக்களே தண்ணீரைத் தள்ளி, மணிக்கு 4, 5 கிலோமீற்றர் வேகத்தில் நகர்த்தும். நடந்து போகிற வேகம்தான். ஆகவே நடுக்குளத்தில் ஏதாவது ஆனால் ஓடித் தப்ப முடியாது. பம்பின் மதிப்பு அங்கேதான் தெரியும்.

எட்டுச் சில்லு என்றால் தொட்டியின் பக்கங்களில் எட்டு இடத்தில் துளையிட்டு அச்சு வெளியே வருகிறது. அந்த எட்டு இடத்திலும் பெயரிங்கும், தண்ணீர் புகாமல் தடுக்கும் சீலும் உண்டு. வன்னியின் களியும் மணலும் சீலைத் தேய்த்துவிடும். தேய்ந்த சீல் ஒவ்வொன்றும் சொட்டுச் சொட்டாக உள்ளே விடும். இதோடு மேலே இருந்து விழும் மழை, ரயர் அள்ளி எறியும் தண்ணீர், ஏறி இறங்குகிறவர்களின் காலோடு வரும் சேறு. பில்ஜ் பம்ப் இந்தச் சில்லறைத் தண்ணீரை வெளியேற்றத்தான் இருக்கிறது.

ஓட்டை விழுந்தால் காப்பாற்ற அல்ல. இதை ஒரு கணக்கோடு சொல்கிறேன், ஏனென்றால் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் பிழைவிடுகிற இடம் இது. தொட்டியின் அடியில் தண்ணீரைத் திறந்துவிட ஒரு வடிதுளை இருக்கும், அதற்கு ஒரு அடைப்பு இருக்கும். துளை 25 மில்லிமீற்றர் அகலம், நீர்மட்டத்துக்கு 30 சென்ரிமீற்றர் கீழே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடைப்பைப் போட மறந்து இறங்கினால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 40 லீற்றர் உள்ளே வரும். பெட்டியில் மணிக்கு 500 கலன் என்று எழுதிய சின்னப் பம்ப் எவ்வளவு வெளியேற்றும்? அது அமெரிக்கக் கலன். மணிக்கு ஏறக்குறைய 1,890 லீற்றர், நிமிடத்துக்கு 31. அதுவும் குழாயே இல்லாமல், உயரம் ஏற்றாமல், தண்ணீருக்குள் வைத்து அளந்த கணக்கு. குழாய் பூட்டி முக்கால் மீற்றர் மேலே ஏற்றி, ஒன்றிரண்டு வளைவும் வைத்தால் மூன்றில் இரண்டு பங்கு கிடைத்தாலே பெரிய காரியம். ஆகவே ஒரு சின்ன அடைப்பை மறந்ததற்குப் பம்ப் ஈடுகொடுக்காது. உள்ளே சேர்கிற ஒவ்வொரு நூறு லீற்றரும் இரண்டு சீமெந்துப் பையின் பாரம். சீமெந்துப் பை வைத்த இடத்தில் கிடக்கும். தண்ணீர் அப்படி அல்ல, வண்டி சரிகிற பக்கத்துக்கே ஓடி, சரிவை இன்னும் கூட்டும்.

ஏ9 வீதியில் போகிற எந்தச் சாரதியும் முறிகண்டிப் பிள்ளையாரிடம் நிறுத்தாமல் போவதில்லை. அதேபோல, தண்ணீரில் இறங்கும் முன் வண்டியை நிறுத்தி, கையை விட்டு அடைப்பைத் தொட்டுப் பார்க்கிற பழக்கத்தை முதலில் எடுங்கள். பம்ப் வாங்குவது அதற்குப் பிறகு.

என்ன வாங்குவது

சிறிய ஆறு சில்லு வண்டிக்கு 500 கலன் பம்ப் போதும். எட்டுச் சில்லில் ஆளும் சாமானும் ஏற்றி வெள்ளத்துக்குள் போகிற எண்ணம் இருந்தால் 1,100 கலன் பம்ப் போடுங்கள். எதுவானாலும் 12 வோல்ற், தண்ணீருக்குள் அமிழ்ந்து ஓடும் வகையாக இருக்க வேண்டும். கடற்றொழில் சாமான் விற்கும் கடைகளில் கேட்டுப் பாருங்கள். வள்ளத்துக்குப் பூட்டுகிற பம்ப்தான் இதுவும்.

குழாயில் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம். உட்பக்கம் வழவழப்பாக, சுவருக்குள் நூல் பின்னிய குழாய் வேண்டும். வளையம் வளையமாக மடிந்த குழாய் வளைப்பதற்குச் சுகமாக இருந்தாலும், உள்ளே இருக்கும் மடிப்பு தண்ணீரைப் பிடித்து இழுத்து ஓட்டத்தைக் குறைக்கும். பூக்கன்றுக்குத் தண்ணீர் விடும் மெல்லிய குழாய் எஞ்சின் சூட்டில் இளகி, வளைவில் நசிந்துவிடும். பம்பின் வாய் 19 மில்லிமீற்றர் என்றால் குழாயும் 19. சின்னதாக்கிப் பூட்டக் கூடாது.

வயர் பல இழை கொண்ட செம்பு, 2.5 சதுர மில்லிமீற்றர். வெள்ளீயம் பூசியது கிடைத்தால் அதையே வாங்குங்கள். நந்திக்கடல், நாயாறு, கொக்கிளாய் பக்கம் உவர்நீரில் இறங்குகிறவர்களுக்கு இது கட்டாயம். வெறும் செம்பு ஒரு மாரிக்குள் பச்சை பிடித்து உள்ளுக்குள் உக்கிவிடும். வீட்டுச் சுவருக்குள் இழுக்கிற விறைப்பான வயர் இந்தக் குலுக்கலுக்கு முறியும்.

வெளிவாய்க்கு வள்ளத்துக்குரிய பிளாஸ்ரிக் பொருத்தி கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம். தண்ணீர்த் தாங்கிக்குப் பூட்டும் பிவிசி இணைப்பு எந்த ஹாட்வெயார் கடையிலும் இருக்கும், இரண்டு பக்கமும் றப்பர் வளையத்தோடு வரும். வேலை ஒன்றுதான், சுவரும் ஏறக்குறைய ஒன்றுதான். குழாய் மாட்டும் முனையின் அளவை மட்டும் கடையிலேயே குழாயைச் செருகிப் பார்த்து எடுங்கள்.

இன்னும் ஒரு பியூஸ் வீடு, ஒரு சுவிச், கறள் பிடிக்காத எவர்சில்வர்க் குழாய்க் கிளிப் நான்கு, வயர் இணைப்பை மூட, உள்ளே பசை உள்ள, சூடாக்கினால் சுருங்கும் சுருங்கு குழாய். அவ்வளவுதான்.

முதலில் தொட்டியைக் கழுவுங்கள்

இதைப் பலர் செய்வதில்லை. சங்கிலி எண்ணெயும் கிறீஸும் தொட்டியின் அடியில் வழிந்து கிடக்கும். பம்பைப் பூட்டிவிட்டால் அந்த எண்ணெய் நேரே குளத்துக்குப் போகும். இரணைமடுவிலோ முத்தையன்கட்டிலோ வவுனிக்குளத்திலோ நாம் இறங்குகிற தண்ணீர் யாரோ ஒருவரின் வயலுக்குப் பாய்கிற தண்ணீர், யாரோ ஒருவர் வலை போடுகிற தண்ணீர். சங்கிலிக்குக் கீழே கிடப்பதைப் பழந்துணியால் துடைத்து எடுத்து, சவர்க்காரம் போட்டுக் கழுவி, கழுவிய நீரையும் வாய்க்காலுக்கு விடாமல் வாளியில் பிடியுங்கள். பிறகும் பம்புக்குப் பக்கத்தில் எண்ணெய் உறிஞ்சும் துணிப்பொதி ஒன்றைக் கட்டி வையுங்கள். உறிஞ்சித் துளைக்குள் போகாதபடி இறுக்கமாகக் கட்ட வேண்டும்.

பம்பின் இடம்

தரையில் நிற்கும்போது எங்கே பள்ளம் என்பதைப் பார்த்தால் பிழைத்துவிடும். ஆட்கள் ஏறி, சாமான் வைத்து, மிதக்கும்போது எந்தப் பக்கம் தாழ்கிறதோ அங்கேதான் தண்ணீர் சேரும். பெரும்பாலும் பின்பக்கம். நிச்சயப்படுத்த, வழக்கமாக ஏறுகிற ஆட்களை ஏற்றி, முழங்கால் ஆழத்தைத் தாண்டி மிதக்கும் இடம்வரை இறக்கி, ஒரு வாளி தண்ணீரைத் தொட்டிக்குள் ஊற்றிப் பாருங்கள். எங்கே தேங்குகிறதோ அங்கே அடையாளம் வையுங்கள்.

அந்த இடத்தில் அடித்தட்டைத் துளைத்துப் பம்பைத் திருகக் கூடாது. நீர்மட்டத்துக்குக் கீழே புதிதாக ஒரு துளையும் போடாதீர்கள், ஆணித்துளைகூட வேண்டாம். பசையும் இங்கே பயன்படாது. பொலித்தீனில் சிலிக்கன் காய்ந்ததும் தோல் உரிவதுபோல உரிந்து வரும். வண்டியின் இரும்புச் சட்டத்தில் இருந்து ஒரு அலுமினியப் பட்டையை வளைத்து இறக்கி, அதில் பம்பின் வடிகட்டித் தட்டைப் பூட்டுங்கள். தட்டு அடியோடு ஒட்டி நிற்க வேண்டும். பட்டை, வயர், குழாய் எதுவும் சங்கிலிக்குக் கிட்டப் போகக் கூடாது. கையால் வண்டியைத் தள்ளிச் சில்லுகளை ஒருமுறை முழுதாகச் சுற்றவிட்டுப் பாருங்கள்.

பம்பைக் கழற்றி எடுக்க உங்கள் கை போகிறதா என்பதும் முக்கியம். தட்டில் இருந்து மோட்டர்ப் பகுதியை இரண்டு காதையும் அமத்தி எடுப்பது வழக்கம். வைக்கோலும் சல்வீனியா என்ற நீர்க்களையின் வேரும் சுற்றிக்கொண்டால், நடுத்தண்ணீரில், மழைக்குள், ஒரு கையால் இதைச் செய்ய வேண்டி வரும். இருக்கையைக் கழற்றினால்தான் எட்டும் என்ற இடத்தில் வைத்த பம்ப் அந்த நேரத்துக்கு இல்லாத பம்ப்.

வெளிவாய்

இதுதான் நான் அதிக நேரம் செலவழிக்கிற இடம். குளக்கட்டில் இருந்து இறங்கும்போது வண்டியின் மூக்கு தாழும். கரையேறும்போது பின்பக்கம் தாழும். பின்மூலையில் வெளிவாயை வைத்தால், ஏறுகிற அந்த நிமிடத்தில் அது தண்ணீருக்குள் போய், நின்றுவிட்ட பம்பின் ஊடாகத் தண்ணீர் திரும்ப உள்ளே வரத் தொடங்கும். முன்மூலையிலும் அதே ஆபத்து. ஆகவே பக்கச் சுவரின் நடுவில், விளிம்புக்கு எவ்வளவு கிட்ட முடியுமோ அவ்வளவு மேலே, ஓட்டுகிறவரின் பக்கமாக வையுங்கள். இருக்கையில் இருந்து தலையைக் கொஞ்சம் திருப்பினால் நீர்த்தாரை தெரிய வேண்டும். வாங்கிய வண்டியில் ஏற்கெனவே பூட்டிய பம்ப் இருந்து, வெளிவாய் கண்ணுக்கு எட்டாத பின்பக்கம் இருந்தால், அதையும் மாற்றச் சொல்வேன்.

துளையிட முன் சுவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தடவிப் பாருங்கள். பெற்றோல் குழாய் இருக்கலாம், வயர்க்கட்டு இருக்கலாம். துளைக்கருவியில் பூட்டிய வட்டவாள் முனையை மெதுவாக ஓடவிடுங்கள். வேகமாக ஓடினால் பொலித்தீன் வெட்டுப்படாமல் உருகி ஒட்டும். வெட்டிய விளிம்பைக் கத்தியால் சுரண்டி வழவழப்பாக்கி, றப்பர் வளையத்தை வெளியே ஒன்று, உள்ளே ஒன்று வைத்துக் கையால் இறுக்கி, ஸ்பனரால் இன்னும் கால் சுற்று. அதற்கு மேல் போனால் பிளாஸ்ரிக் நட்டு வெடிக்கும்.

குழாயைப் பம்பில் இருந்து மேல்நோக்கியே கொண்டுபோங்கள். நடுவில் ஒரு இடத்திலும் தொங்கி மீண்டும் ஏறக் கூடாது. தொங்கும் வயிற்றில் தண்ணீர் தங்கி, பம்பின் தலையில் காற்று அடைபடும். மோட்டர் ஓடும், தண்ணீர் ஏறாது. வெளிவாயைவிட ஒரு கையளவு மேலே ஏற்றி, அங்கிருந்து வளைத்து இறக்கி மாட்டினால், வாய் ஒரு கணம் நனைந்தாலும் தண்ணீர் உள்ளே வராது. குழாய்க்குள் ஒருவழி வால்வு போடச் சொல்வார்கள். இந்தச் சின்னப் பம்புகளுக்கு வேண்டாம். அதன் கதவைத் தள்ளித் திறக்கவே பம்புக்குப் பலம் போதாமல் போகலாம், சேறு பிடித்தால் அடைத்தும் விடும்.

பம்பின் வாயில் குழாயை மாட்டும்போது என் கன்றுக்குட்டிகளை நினைத்துக்கொள்ளுங்கள். சுடுநீரில் குழாய் முனையை நனைத்து இளக்கி, அடிவரை செருகி, கிளிப்பை இறுக்குங்கள். பிறகு கையால் இழுத்துப் பாருங்கள். ஒரு சாண் தள்ளிச் சட்டத்தோடு கட்டிவிடுங்கள், குலுக்கலின் பாரம் வாயில் விழாது.

மின்சாரம்

பற்றறியின் நேர்முனையில் இருந்து பியூஸ், பியூஸில் இருந்து சுவிச், சுவிச்சில் இருந்து பம்ப், பம்பில் இருந்து எதிர்முனைக்கு நேரே. எதிர்வயரை வண்டிச் சட்டத்தில் எங்காவது பூட்டி விடாதீர்கள், கறள் பிடித்ததும் பம்ப் சோர்ந்து ஓடும். பியூஸ் பற்றறிக்குப் பக்கத்தில், ஏழு அங்குலத்துக்குள் இருக்கட்டும். அதன் அளவை நீங்களாக முடிவெடுக்க வேண்டாம். பம்பின் பெட்டியில் எத்தனை அம்பியர் பியூஸ் என்று எழுதியிருக்கும், அதையே போடுங்கள். விசிறிக்குள் வைக்கோல் சிக்கி மோட்டர் நின்றால் மின்னோட்டம் எகிறும். சரியான பியூஸ் போகும். பெரிய பியூஸ் போகாது, மோட்டர் எரியும். ஒருமுறை பியூஸ் போனதற்காகக் கம்பி சுற்றிக்கொண்டு தண்ணீரில் இறங்காதீர்கள்.

வயர் இணைப்பு எல்லாம் தொட்டியின் அடியில் இருந்து எவ்வளவு மேலே முடியுமோ அவ்வளவு மேலே. அழுத்தி இணைத்து, பசையுள்ள சுருங்கு குழாயைச் சூடாக்கி மூடுங்கள். இன்சுலேசன் ரேப் சுற்றிய இணைப்பை நான் என் கையால் எத்தனையோ முறை வெட்டி எறிந்திருக்கிறேன். தளத்துக்குக் கீழே பெற்றோல் ஆவி தங்கும் என்பதால், தீப்பொறி வெளிவராத, மூடிய சுவிச்சாக எடுத்து மேலே, ஓட்டுகிறவரின் முன்னால் பூட்டுங்கள்.

தானாக ஓடவைக்கும் மிதவைச் சுவிச்சைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். கடலில் கட்டிக் கிடக்கும் வள்ளத்துக்கு அது அருமையான சாமான். நம் வண்டியில் ஆரம்பத்தில் வேண்டாம் என்பதே என் எண்ணம். சேறும் வைக்கோலும் மிதவையைப் பிடித்து வைக்கும். மேல் நோக்கிப் பிடித்தால் பம்ப் வெறுமனே ஓடி, விடிய எழும்பும்போது பற்றறி இறங்கியிருக்கும். கீழ் நோக்கிப் பிடித்தால் ஓடவே ஓடாது. கையால் போடும் சுவிச்சும், போட்டதைக் காட்டும் ஒரு சின்ன விளக்கும் போதும். ஒரு மாரி முழுவதும் ஓடிப் பழகிய பிறகு, கையால், நிறுத்தம், தானாக என்ற மூன்று நிலைச் சுவிச்சோடு மிதவையையும் சேர்க்கலாம்.

சோதனை

வடிதுளையை அடைத்து, மட்டமான தரையில், 20 லீற்றர் கானால் இரண்டு கான் தண்ணீர் ஊற்றுங்கள். எஞ்சினை ஓடவிட்டுப் பம்பைப் போட்டு, வெளியே விழுவதை இன்னொரு கானில் பிடித்து நேரம் பாருங்கள். 500 கலன் பம்ப் ஒரு நிமிடத்தை ஒட்டி ஒரு கானை நிரப்பினால் உங்கள் குழாய்வேலை நன்று. இரண்டு நிமிடம் எடுத்தால் எங்கோ நசிவு, அல்லது வயரில் வோல்ற் இழப்பு. அந்த நேரத்தைச் சுவிச்சுக்குப் பக்கத்தில் அழியாத மையால் எழுதி வையுங்கள். அடுத்த வருடம் ஒப்பிட அதுதான் உங்களுக்கு அளவுகோல். கடைசி ஒன்றிரண்டு சென்ரிமீற்றர் தண்ணீர் எப்போதும் மிஞ்சும். அது குறையல்ல.

பிறகு குளம். தனியாகப் போகாதீர்கள். கரையில் கயிற்றோடு ஒருவர் நிற்க வேண்டும், வண்டியில் இருக்கிற எல்லோரும் மிதவை அங்கி போட்டிருக்க வேண்டும். முதலை உள்ள குளம் என்றால் பொழுதுபடும் நேரத்தைத் தவிர்த்து, ஊரவரிடம் கேட்டு இறங்குங்கள். வண்டியின் தகட்டில் தரைக்கு ஒரு பாரம், தண்ணீருக்கு ஒரு பாரம் என்று தனித்தனியாக எழுதியிருக்கும். தண்ணீருக்குரியது குறைவாக இருக்கும். பம்பைப் போடாமல் பத்து நிமிடம் மிதந்து, பிறகு சுவிச்சைப் போட்டு, தாரை அறும்வரை எவ்வளவு நேரம் என்று பாருங்கள். ஒரு நிமிடத்துக்குள் முடிந்தால் சீல்கள் நல்ல நிலை. மூன்று, நான்கு நிமிடம் ஓடினால் பெரிய பம்ப் வாங்கப் போகாதீர்கள். அச்சுகளுக்குக் கிறீஸ் அடித்து, தேவையானால் சீலை மாற்றுங்கள்.

நம் மண்ணுக்கே உரிய ஒன்றையும் சொல்லவேண்டும். எந்தக் காட்டுக்குள்ளும் போகக்கூடிய வண்டி கையில் இருக்கிறது என்பதற்காக, தெரியாத இடத்தில் கரையேறாதீர்கள். மிதிவெடி அகற்றும் வேலை வன்னியில் ஆண்டாண்டாக நடந்தும் சில இடங்களில் சிவப்பு மண்டையோட்டுப் பலகை நிற்கிறது. வெள்ளம் மண்ணை அரித்து வெடிபொருளை இடம்மாற்றக்கூடும். இறங்கிய துறையிலேயே ஏறுங்கள். 2018 டிசெம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் மூழ்கியபோது பார்த்தோம், வழி தெரிந்தவர்கள்தான் உதவ முடிந்தது. வண்டியில் ஒரு வாளியும் கட்டி வையுங்கள். சேறு தடித்தால் எந்தப் பம்பும் இழுக்காது, வாளி இழுக்கும்.

திரும்பி வந்ததும்

சரிவான இடத்தில் நிறுத்தி அடைப்பைக் கழற்றி முழுதாக வடியவிடுங்கள். உவர்நீரில் இறங்கியிருந்தால் கிணற்றுத் தண்ணீர் நான்கு வாளி ஊற்றிப் பம்பை ஓட்டிக் கழுவுங்கள். வடிகட்டித் தட்டைக் கழற்றிச் சேற்றையும் தும்பையும் எடுங்கள். மழைக்காலத்தில் வண்டி வெளியில் நிற்குமானால் அடைப்பைத் திரும்பப் போட வேண்டாம், விழுகிற மழை தானாகப் போகட்டும். கழற்றிய அடைப்பை ஒரு நூலால் வண்டித் திறப்போடு கட்டித் தொங்கவிடுங்கள். அடுத்து எடுக்கிறவர் நீங்களாக இருந்தாலும், தம்பியாக இருந்தாலும், எஞ்சினை ஸ்ராட் பண்ண முன் அது அவர் கையில் தட்டுப்படும்.